காவிக்கல் கிழவர்

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் இருபது வருடமாக ஒரு படம் ஒட்டியிருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓவியப் புத்தகத்திலிருந்து கழன்று விழுந்த தாள். தூக்கிப்போட மனம் வராமல் செல்லோடேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். வழுக்கை உச்சி. இரண்டு பக்கமும் தோள்வரை இறங்கும் முடி. முடி எங்கே முடிகிறது, தாடி எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாத கலப்பு. கீழே அச்சில் ஒரு வரி: லியனார்டோ டாவின்சி, சுய உருவப்படம்.

சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். படத்தை எடுக்கும்போது கீழ் ஓரம் டேப்போடு கிழிந்துவிட்டது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரி போய்விட்டது. மேசைமேல் வைத்துப் பார்த்தால், யாரோ ஒரு கிழவர் கிடந்தார். இருபது வருடமாக நான் படித்துக்கொண்டிருந்தது அந்த வரியைத்தானோ என்று சங்கடமாக இருந்தது.

அன்றிலிருந்து காலைக் காபியோடு கொஞ்ச நேரம் அவரைப் பார்க்கிறேன். இவை அவ்வப்போது எழுதிவைத்தவை.

*

அசல் இத்தாலியில், டூரின் நகரத்து அரச நூலகத்தில் இருக்கிறது. உயரம் 33 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 21. நம் ஊரில் மனு எழுதும் ஃபுல்ஸ்கேப் தாள் அளவு. இவ்வளவு பெயர் பெற்ற முகம் மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு தாளில் அடங்கிவிடுகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. சுவரை அடைக்கும் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

*

'சிவப்புச் சாக்' என்று எழுதுகிறார்கள். சாக் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடக் கரும்பலகை வந்து நிற்கிறது. இது வேறு. மண்ணிலிருந்து வெட்டியெடுத்துக் குச்சியாகச் சீவிய காவிக்கல். களிமண்ணில் இரும்புத் துரு ஏறிச் சிவந்தது. மார்கழிக் கோலத்தைச் சுற்றிப் பட்டை இழுக்கிறோமே, அந்தக் காவியின் உறவு. இத்தாலியில் இதற்கு 'மாத்தீத்தா' என்று பெயர். இரத்தத்தின் பெயர் கொண்ட ஒரு கிரேக்கக் கல்லிலிருந்து வந்த சொல். இன்றைக்கு அந்த நாட்டுப் பிள்ளைகள் சாதாரணப் பென்சிலையும் அதே பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். இரத்தம் அவர்களுக்கு மறந்திருக்கும்.

லியனார்டோ இளமையில் வெள்ளிக் கம்பியால் வரைந்தவர். பூச்சு தடவிய தாளில் மெல்லிய சாம்பல் கோடு விழும். எவ்வளவு அழுத்தினாலும் பெரிதாகக் கருக்காது. 1490-களில், மிலானில் கடைசி விருந்து ஓவியத்துக்குச் சீடர்களின் தலைகளைப் படித்துப் படித்து வரைந்த நாட்களில், காவிக்கல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அழுத்தினால் ரத்தச் சிவப்பு. லேசாக உரசினால் தோலின் சூடு. விரலால் தேய்த்தால் நிழல். ஒரு குறை, போட்ட கோட்டை முழுதாக அழிக்கமுடியாது. முதுமையை வரைய இதைவிடப் பொருத்தமான பொருள் இருக்குமா, தெரியவில்லை.

*

இன்று கண்களை மட்டும் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் முக்கால் பக்கம் திரும்பியிருக்கிறது. அடர்ந்து தொங்கும் புருவத்துக்குக் கீழிருந்து பார்வை எனக்குப் பக்கத்தில் எங்கோ போகிறது. கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைகிறவர் தன் கண்ணைத்தான் பார்த்தாகவேண்டும். அந்தப் படம் பிறகு நம்மைப் பார்க்கும். ஓவியர்களின் சுய உருவங்களில் அந்த உறுத்தும் பார்வை வருவது அதனால்தான். இந்தக் கிழவரிடம் அது இல்லை. இவரை வேறு யாரோ உட்காரவைத்துப் பார்த்த மாதிரி இருக்கிறது. அல்லது யாரும் பார்க்கவே இல்லாமல், நினைவிலிருந்து வரைந்த மாதிரி.

நிழல் கொடுக்கும் சாய்கோடுகள் இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகின்றன. இடதுகைக்காரரின் சாய்வு. லியனார்டோ இடதுகைக்காரர். வரைந்த கை அவருடையது என்பதற்கு இது ஒரு சாட்சி. வரையப்பட்ட முகம் யாருடையது என்பதற்கு இது சாட்சியாகாது. இந்த இரண்டு கேள்வியையும் நான் இத்தனை நாள் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

*

கணக்கு உதைக்கிறது. லியனார்டோ பிறந்தது 1452 ஏப்ரல் 15. படம் 1512 வாக்கில் வரைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காலம். அப்படியானால் அறுபது. மணிவிழா கொண்டாடும் வயது. இந்த முகமா மணிவிழா முகம்? எழுபத்தைந்துக்குக் குறையாது.

கோடு போட்டிருக்கும் முறையைப் பார்த்து, இது 1490-களின் கைவேலை போல இருக்கிறது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அப்படியென்றால் அவர் நாற்பதுகளில் இருந்திருப்பார். முகம் அவருடையதாக இருக்கவே வழியில்லை. யார் அப்புறம்? அப்பாவாக இருக்கலாம் என்றார்கள். செர் பியேரோ, பிளாரன்ஸில் பத்திரம் எழுதும் நோட்டரி, 1504-ல் இறந்தார். சித்தப்பா பிரான்செஸ்கோவாக இருக்கலாம் என்றார்கள். முறைப்படி பிறக்காத பிள்ளை லியனார்டோ. அப்பாவின் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை. சித்தப்பா 1507-ல் இறக்கும்போது தன் சொத்தை இவருக்கு எழுதிவைக்க, தம்பிமார்கள் வழக்குப் போட்டார்கள். எந்த ஊரிலும் நடக்கிற கதை.

அப்பா இறந்ததை அவர் ஒரு தாளில் குறித்திருக்கிறார். பாசமான ஒரு சொல் கிடையாது. நாள், கிழமை, நேரம், வயது, எத்தனை பிள்ளைகள். ஆனால் இறந்த நேரத்தை ஒரே குறிப்பில் இரண்டு முறை எழுதிவிட்டார். எல்லாவற்றையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிற மனிதர்தான். இருந்தாலும், அந்த இரண்டாவது தடவையில் ஏதோ இருக்கிறது.

*

நேற்று எழுதியதற்கு எதிராக இன்று ஒன்று.

1517 அக்டோபரில், ஆரகோன் கார்டினல் லூயிஜி பிரான்ஸில் பயணம் செய்கிறார். அம்புவாஸில் மன்னர் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் லியனார்டோவைப் போய்ப் பார்க்கிறார். கூடப் போன செயலாளர் அந்தோனியோ தெ பெயாத்திஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்தது: எழுபது தாண்டிய கிழவர்; வலது கையில் வாதம். அப்போது லியனார்டோவுக்கு வயது அறுபத்தைந்து. முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணுக்கு அவர் வயதைவிட மூத்தவராகத்தான் தெரிந்திருக்கிறார். அறுபதில் எழுபத்தைந்து போலத் தெரிவதும் நடக்கிற காரியம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

அந்த வாதம் வந்தது வலது கையில். வரைகிற கை தப்பித்தது.

இதை எழுதிவிட்டுக் கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அறுபத்தொன்று.

*

படத்தின் அடியில், வரைந்தவரல்லாத பிற்காலத்து ஒரு கை, லியனார்டோவின் பெயரை எழுதி, நல்ல முதுமையில் தன்னைத் தானே வரைந்துகொண்டது என்றும் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து இப்போது பெரும்பாலும் மங்கிவிட்டது. என் அச்சுப்படத்தில் அது தெரிவதே இல்லை. சுவரில் கிழிந்துபோன என் வரியின் மூதாதை அது.

1810-ல் மிலான் ஓவியர் ஜுசெப்பே போஸ்ஸி, கடைசி விருந்தைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் இந்த முகத்தைச் செதுக்குப் படமாக அச்சிட்டார். 1839-ல் வொல்பாத்தோ என்ற வியாபாரியிடமிருந்து சவாய் வம்சத்து மன்னர் கார்லோ அல்பெர்த்தோ அசலை வாங்கினார். அதன்பிறகு உலகம் முழுதும் பாடப்புத்தகம், தபால்தலை, பென்சில் பெட்டி என்று இந்த முகம்தான். மேதை என்றால் தாடி இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

1980-ல் ஹன்ஸ் ஓஸ்ட் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாளர், இது லியனார்டோவே இல்லை, போஸ்ஸி செய்த போலி என்று ஒரு புத்தகமே எழுதினார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் அது ஒட்டவில்லை. வாயருகே உள்ள கோடுகளைப் பார்த்தால், ஏமாற்ற நினைத்த கை அவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. இது ஆதாரம் ஆகாது. நீதிமன்றத்தில் சொன்னால் சிரிப்பார்கள்.

*

லியனார்டோவின் முகம் என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லத்தக்க படம் ஒன்று இங்கிலாந்தில், விண்ட்சர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது. அதுவும் காவிக்கல்தான். பக்கவாட்டு முகம். வரைந்தவர் பிரான்செஸ்கோ மெல்ஸி என்கிறார்கள். கடைசி வருடங்களில் கூடவே இருந்த சீடர்; குறிப்பேடுகளையெல்லாம் குருவிடமிருந்து பெற்றவர். சீவிவிட்ட முடி அலையலையாக இறங்குகிறது. நேர் மூக்கு. ஒழுங்கான தாடி. கீழே பெரிய எழுத்தில் லியனார்டோவின் பெயர். வசாரி தன் ஓவியர் வரலாற்றின் 1568-ஆம் வருடப் பதிப்பில் போட்ட மரச்செதுக்குப் படமும் இந்த முகத்தைப் போலத்தான், தலையில் தொப்பியோடு.

அழகர். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்தப் படம் என்னை இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்துவைக்கவில்லை. சீடன் குருவை வரையும்போது காலையில் தலை சீவிவிட்டுத்தான் உட்காரவைப்பான்.

அதே சேகரிப்பில் இன்னொரு தாள். ஏதோ ஒரு குதிரைக்காலை வரைந்த தாளின் ஓரத்தில், சீடர் ஒருவர் கிறுக்கிய சின்னத் தலை. அதுவும் லியனார்டோதான் என்று 2019-ல் காட்சிக்கு வைத்தார்கள். களைத்த முகம். யாரும் 'உட்காருங்கள்' என்று சொல்லாமல் வரைந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

*

இந்த முகத்தை வைத்து மற்றவர்கள் செய்த வேடிக்கைகள்: 1987-ல் அமெரிக்காவின் லிலியன் ஷ்வார்ட்ஸ், கம்ப்யூட்டரில் மோனாலிசாவின் பாதி முகத்தோடு இந்தக் கிழவரின் பாதி முகத்தைப் பொருத்தி, பாருங்கள் ஒட்டுகிறது, மோனாலிசா லியனார்டோதான் என்றார். 2009-ல் இத்தாலியத் தொலைக்காட்சியாளர் பியேரோ ஆஞ்சலா, பறவைகள் பறப்பதைப் பற்றிய குறிப்பேட்டில் எழுத்துக்கு அடியில் மறைந்துகிடந்த ஒரு முகத்தை வெளிக்கொண்டுவந்தார். அதற்கு வயதை ஏற்றி, இந்தக் கிழவரோடு ஒப்பிட்டு, இளவயது லியனார்டோ என்றார்கள். அந்தக் குறிப்பேடும் டூரினில் இதே நூலகத்தில்தான் இருக்கிறது.

தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றோடு ஒட்டவைத்துத் தெரிந்துகொள்வது. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதை நான் இனிமேல் கேலி செய்யமாட்டேன்.

இதில் வேறொரு முடிச்சு உண்டு. ஓவியன் எச்சரிக்கையாக இல்லாவிட்டால், வரைகிற எல்லா முகத்திலும் தன் முகமே வந்து உட்கார்ந்துவிடும் என்று குறிப்பேடுகளில் பிறரை எச்சரித்தவர் லியனார்டோ. அவர் விரட்டப் பார்த்த அதே முகத்தைத்தான் நாம் அவர் வரைந்த எல்லாவற்றிலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

*

கிழவர்கள் அவருக்குப் புதியவர்களல்ல. இருபதுகளில் இருந்தே வரைகிறார். பல் போய், மோவாய் மேலெழும்பி மூக்கைத் தொடப்போகும் ஒரு பக்கவாட்டு முகம் அவர் தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிளாரன்ஸ் உஃபீஸியில் உள்ள காவிக்கல் படம் ஒன்றில் அந்தக் கிழவர் ஓர் அழகான இளைஞனை நேருக்கு நேர் பார்க்கிறார். பேச்சு நடுவில் கை கழன்று தானாக வரைந்துவிடும் முகம் என்று தோன்றும்.

விண்ட்சரில் இன்னொரு தாள். 1510-க்குச் சற்றுப் பின்னே வரைந்தது. தடி ஊன்றி உட்கார்ந்திருக்கிறார் ஒரு கிழவர். தாளின் எதிர்ப் பாதியில் தண்ணீர். தடையில் மோதிச் சுழித்து, பின்னல் பின்னலாக ஓடும் தண்ணீர். அந்தத் தாளிலேயே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்: நீரின் மேற்பரப்பு ஓடும் விதம் கூந்தல் போன்றது, ஒரு பகுதி தன் கனத்தால் இறங்குகிறது, மற்றொன்று சுருளின் போக்கில் திரும்புகிறது என்பது அதன் பொருள். கிழவரும் தண்ணீரும் வேறு வேறு நாளில் வரைந்தவையாக இருக்கலாம். தாள் மடிப்பில் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆனாலும் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது.

அதைப் படித்துவிட்டு என் கிழவரிடம் திரும்பினேன். தாடி ஓடுகிறது. கன்னத்திலிருந்து இறங்கும் இழைகள் மோவாய்க்குக் கீழே சுழித்துப் பிரிகின்றன. நெற்றியில் கரைகள். தோள் வரையப்படவே இல்லை. முடி இறங்கி வெறும் தாளில் வற்றிவிடுகிறது. முதுமை என்றால் நமக்கு உலர்வதுதான் நினைவுக்கு வரும். இவர் ஈரமாக இருக்கிறார்.

*

1507, 1508 குளிர்காலம். பிளாரன்ஸில் சாந்தா மரியா நுவோவா ஆஸ்பத்திரி. கட்டிலில் ஒரு கிழவர். தனக்கு நூறு வயது தாண்டிவிட்டது, பலவீனத்தைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். கட்டில்மேல் உட்கார்ந்தபடியே, எந்த அசைவும் இல்லாமல், சில மணி நேரத்தில் போய்விடுகிறார். பக்கத்தில் இருந்தவர் லியனார்டோ. இவ்வளவு இனிமையான சாவுக்குக் காரணம் என்ன என்று பார்க்க, அந்த உடம்பை அறுத்துப் பார்த்தார். இதயத்துக்கும் கீழ் உறுப்புகளுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தடித்து, சுருங்கி, உலர்ந்திருந்ததை எழுதிவைத்தார். வயதில் ரத்தக்குழாய் தடிப்பதைப் பற்றி இவ்வளவு தெளிவாக அதற்குமுன் யாரும் எழுதியதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். பிறகுதான் கத்தி. இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். டூரின் முகத்தில் கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, மூக்கோரத்திலிருந்து இறங்கும் பள்ளம், இவற்றைப் போட்ட கைக்கு உள்ளே இருக்கும் தசையும் தெரியும். ஆனால் உட்கார்ந்து பேசியதும் அதே கைதான்.

*

ஜெர்மானிய ஓவியர் டியூரர், முகம் யாருடையது என்ற விஷயத்தில் நமக்கு வேலையே வைக்கவில்லை. 1521-ல் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஒரு கிழவரை வரைந்தார். சாக் இல்லை, தூரிகையும் மையும். வயது தொண்ணூற்று மூன்று, இன்னும் திடமாக இருக்கிறார், ஊர் ஆண்ட்வெர்ப் என்று படத்திலேயே எழுதிவிட்டார். ஊர், வயது, உடல்நிலை எல்லாம் தெரியும். பெயர் மட்டும் கிடையாது. யாருக்கும் அது குறையாகவும் படவில்லை.

அதற்கு முன் 1514-ல் தன் அம்மாவைக் கரியால் வரைந்தார். பதினெட்டுப் பிள்ளை பெற்ற உடம்பு. எலும்பெடுத்த கழுத்து. ஒரு கண் சற்று விலகி நிற்கிறது. இது அல்பிரெக்ட் டியூரரின் தாய், அறுபத்து மூன்று வயதில் என்று கரியிலேயே எழுதினார். இரண்டே மாதத்தில் அம்மா இறந்தார். அந்தத் தாளை மறுபடி எடுத்து, இந்த முறை மையில், இறந்த வருடத்தையும் கிழமையையும், இரவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு என்பதையும் சேர்த்தார்.

இரண்டு மகன்கள். இரண்டு பேரும் நேரத்தை எழுதியிருக்கிறார்கள்.

*

2014-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் டூரின் தாளைத் தொடாமல், மேலே ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியை அளந்தார்கள். தாளின் நார் எந்த அளவுக்குச் சிதைந்து மஞ்சளாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க. ஈரப்பதம் மிகுந்த, மூடிய இடத்தில் கிடந்த காகிதம் மாதிரி முதிர்ந்திருக்கிறது என்றார்கள். முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். என் அச்சுப்படத்தில் அவற்றை நெடுநாள் கிழவரின் தோல் புள்ளிகள் என்றே நினைத்திருந்தேன். காகிதத்தின் மூப்பு எது, மனிதரின் மூப்பு எது என்று இப்போதும் சில இடங்களில் பிரிக்கமுடியவில்லை.

இப்போது அதை வெளிச்சம் படாமல் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். எப்போதாவதுதான் வெளியே வருகிறது. இத்தாலி ஒன்றான 150-ஆம் ஆண்டுக்கு, 2011-ல், டூரின் அருகே வெனாரியா அரண்மனையில் காட்டினார்கள். மற்ற நாளெல்லாம் இருட்டில் பார்வையைச் சற்றே திருப்பியபடி இருக்கிறார்.

*

வாய்க்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

உதடுகள் இறுக மூடி, ஓரங்கள் கீழே இறங்கியிருக்கின்றன. மேல் உதடு உள்ளே போயிருக்கிறது. மேல்வரிசை முன்பற்கள் இல்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூக்கோரப் பள்ளம் அவ்வளவு ஆழமானது அதனால்தான். ஞானிக்குரிய கடுமை என்று நான் இருபது வருடமாக மதித்துவந்தது பல் போன வாய்.

எனக்கு அந்த வாயைத் தெரியும். அப்பா ராத்திரி பல்செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். லைட்டை அணைத்த பிறகுதான் எங்கள் பக்கம் படுப்பார். கடைசியில் ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தவன், அவர் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். யாரோ ஒரு கிழவர் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். நாலு கட்டில் தள்ளிப் போய்த் திரும்பினேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. பார்வையைச் சற்றே திருப்பியிருந்தார்.

*

கூடத்தில் மாலை போட்டிருக்கும் அப்பாவின் படம் அவருடைய ஐம்பது வயதுப் படம். சித்தி கல்யாணத்தில் கூட்டமாக எடுத்ததிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, கோட்டும் டையும் ஸ்டுடியோவிலேயே போட்டுக் கொடுத்தார்கள். அப்பா வாழ்நாளில் டை கட்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர்தான் தாத்தா.

என் பழைய போனில் ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு படம் இருந்தது. பல்செட் இல்லாமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. அழித்துவிடு என்று அக்கா அப்போதே சொன்னாள். நேற்று அதைத் தேடி எடுத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். பையன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான்.

"வாய் மட்டும் கொஞ்சம் உள்ள போயிருக்கு சார். பல்லு வச்ச மாதிரி சரி பண்ணிரவா? அஞ்சு நிமிஷ வேலைதான்."

வேண்டாம் தம்பி, அப்படியே போடுங்க என்றேன்.

ஃபுல்ஸ்கேப்பில் பாதி அளவுக்குப் பிரின்ட் வந்தது. சூடாக இருந்தது. அவன் ஓரத்தை வெட்டிக்கொண்டே கேட்டான். "கீழ பேர் போடணுமா சார்? என்ன பேரு, எத்தன வயசு?"

பேனா இருந்தால் குடுங்க என்றேன்.